காந்தக் கோட்டின் அருகே ஒரு நகரம்

பொறியியலில் பட்டம் பெற்ற பிள்ளை, கைக்கு வந்த உத்தியோகத்தை ஏற்காமல், மேலே ஆராய்ச்சி செய்யப் போவதாகச் சொல்லும்போது வீட்டில் சற்று நேரம் மௌனம் நிலவுகிறது. டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம்மவர் இல்லங்களில் இந்த மௌனம் இன்னும் சற்று நீண்டிருக்கும். காரணம் எளிது. ஊரையும் உறவையும் விட்டு வந்தவர்கள் சம்பளத்தை நாடி வந்தவர்கள். நான்கைந்து ஆண்டு சொற்ப உதவித் தொகையில் காலம் கழித்து, அதன் பின்னர் உத்தியோகம் தேடுவது என்பது அவர்கள் போட்டுவைத்த கணக்கில் சேராத விஷயம். மருத்துவன் மேற்படிப்புப் படித்தால் என்ன பெருகும் என்பது யாவரும் அறிந்ததே. பொறியாளன் ஆராய்ச்சி செய்தால் எது பெருகும்?

இக்கேள்விக்குப் பொதுவாக விடை கூறுவது கடினம். ஆனால் ஒரு நகரத்தின் வரலாற்றைக் கொண்டு விடை தேடலாம். நம் குமரி முனையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருப்பதுபோலத் தோன்றும் திருவனந்தபுரமே அந்நகரம். கரமனையிலும் வலியசாலையிலும் சாலைக் கடைவீதியிலும் தமிழ் ஒலிக்கும் ஊர் அது. பத்மநாபசுவாமியையும் ரவிவர்மாவையும் எண்ணி அவ்வூருக்குச் செல்பவர் பலர். ஏறத்தாழ 190 ஆண்டுகளாக அங்கே ஆராய்ச்சி என்னும் தொழில் ஏதேனும் ஒரு வடிவில் நடந்துவருவதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே.

தொடக்கம் ஒரு வியாபாரியிடமிருந்து வந்தது. ஜான் கால்டிகாட் என்னும் ஆங்கிலேயர் ஆலப்புழையில் திருவிதாங்கூர் அரசின் வர்த்தகப் பிரதிநிதியாக இருந்தவர். மிளகும் ஏலமும் எடைபோட்ட நேரம் போக, இரவில் வானத்தை நோக்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. தமக்கென்று சில கருவிகளையும் வைத்திருந்தார். அப்போது அரசாண்டவர், கீர்த்தனங்கள் இயற்றிப் புகழ்பெற்ற சுவாதித் திருநாள் மகாராஜா. இசையில் தோய்ந்த அவ்வரசருக்கு வான நூலிலும் ஈடுபாடு உண்டு. 1837-ல் திருவனந்தபுரத்தில் ஒரு வானாய்வு நிலையம் எழுந்தது; கால்டிகாட் அதன் தலைவரானார். கருவிகள் வாங்க அவரே ஐரோப்பா சென்று வந்தார். வியாபாரத்தில் வந்துகொண்டிருந்த வருமானத்தைவிட இதில் அவருக்குப் பெரிய லாபம் ஏதும் கிட்டியதாகத் தெரியவில்லை. 1849-ல் திருவனந்தபுரத்திலேயே காலமானார்.

அவருக்குப் பின், 1852-ல் வந்து சேர்ந்தவர் ஜான் ஆலன் பிரவுன். ஸ்காட்லாந்தில் பூமியின் காந்த சக்தியை அளந்து பழகியவர். அவரை இங்கே இழுத்தது இவ்வூரின் இருப்பிடம். திசைகாட்டியின் ஊசி வடக்கு நோக்கி நிற்பது நமக்குத் தெரியும். அதனை மேலும் கீழும் அசையக்கூடிய முறையில் தொங்கவிட்டால், துருவங்களுக்கு அருகே செங்குத்தாக நிற்கும். நடுவே ஓரிடத்தில் எந்தப் பக்கமும் சாயாமல் சமமாக நிற்கும். அவ்விடங்களை இணைத்து உலகைச் சுற்றி ஒரு கோடு வரைந்தால் அதுவே காந்த நடுக்கோடு. பூகோள நடுக்கோடு இந்தியாவைத் தொடாமல் கடலில் செல்கிறது. காந்த நடுக்கோடோ நம் நாட்டின் தென்முனையை ஒட்டிச் செல்கிறது. திருவனந்தபுரம் அதற்கு மிக அருகே இருக்கிறது. காந்த ஊசியின் நுண்ணிய அசைவுகளைப் பயில இதனினும் சிறந்த இடம் கிடைப்பது அரிது.

பிரவுன் நகரத்தில் மட்டும் அளந்து திருப்தி அடையவில்லை. உயரம் மாறினால் அசைவும் மாறுமா என்னும் ஐயம் அவரை உறுத்தியது. எனவே, அகத்திய முனிவர் வீற்றிருப்பதாக நாம் நம்பும் அகத்தியமலையின் மேல், 6,000 அடிக்கும் மேற்பட்ட உயரத்தில், 1855-ல் இரண்டாவது நிலையம் ஒன்றை அமைத்தார். யானைகள் உலவும் காட்டில் வழி வெட்டி, கருவிகளைத் தலைச்சுமையாக ஏற்றி, குளிருக்குப் பழகாத சமவெளி மக்களைக் கொண்டு இதனைச் செய்து முடித்தார். அம்மக்களின் பெயர்களை வரலாறு பெரும்பாலும் குறித்து வைக்கவில்லை. ஆனால் பிரவுன் 1865-ல் நாடு திரும்பிய பின்னும் சில ஆண்டுகள் அளவெடுக்கும் பணியைத் தொடர்ந்து நடத்தியவர்கள் உள்ளூர் உதவியாளர்களே. அந்த எண்கள் யாவும் தொகுக்கப்பெற்று, திருவிதாங்கூர் மன்னரின் ஆதரவில் 1874-ல் லண்டனில் நூலாக வெளிவந்தன. பூமியின் காந்த மாறுதல்கள் ஏறத்தாழ 26 நாட்களுக்கு ஒருமுறை திரும்பத் தோன்றுவதையும், அதற்கும் சூரியனின் சுழற்சிக்கும் தொடர்பு உண்டு என்பதையும் பிரவுன் கண்டு சொன்னார். 1878-ல் லண்டன் ராயல் சொஸைட்டி அவருக்குப் பதக்கம் அளித்தது. அடுத்த ஆண்டு அவர் மறைந்தார்.

இவ்வெண்களால் அன்று எந்த மன்னருக்கும் ஒரு காசு வரவு இல்லை. இதனை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம். ஏனெனில் இதே காந்தக் கோடு நூறு ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் வரப்போகிறது.

இடையில் ஒரு தமிழரைக் குறிப்பிடாமல் செல்ல மனம் வரவில்லை. மனோன்மணீயம் ஆசிரியர் சுந்தரம் பிள்ளை திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்தவர். பாடம் நடத்திச் சம்பளம் வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அவரோ விடுமுறை நாட்களில் கோயில் சுவர்களில் உள்ள கல்வெட்டுக்களைப் படியெடுத்து, திருவிதாங்கூரின் பண்டை அரசர்களின் காலத்தை ஆராய்ந்தார். அவர் பொறியாளர் அல்லர்தாம். எனினும் யாரும் ஏவாமல் எழுந்த கேள்வி ஒரு மனிதரை எங்கெல்லாம் நடக்கச் செய்யும் என்பதற்கு அவர் நல்ல உதாரணம்.

பொறியியற் கல்வி திருவனந்தபுரத்துக்கு வந்தது வேறொரு நோக்கத்தால். 1937 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் நிறுவப்பெற்றது. திவானாக இருந்த சர் சி. பி. ராமசாமி ஐயரே அதன் முதல் துணைவேந்தர். அவருடைய ஆட்சிமுறையைப் பற்றிப் பலருக்கும் பல கருத்துக்கள் உண்டு, அவை நியாயமானவையும்கூட. ஆனால் அணைகளும் மின்சாரமும் தொழிற்சாலைகளும் வேண்டும் என்பதில் அவருக்குத் தெளிவு இருந்தது. 1939-ல் பொறியியற் கல்லூரி தொடங்கியது. மேஜர் மாத்யுமன் முதல் முதல்வர். 1940-ல் பள்ளிவாசல் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. ஆக, கல்லூரியின் வேலை அணை கட்டுபவரையும் மின்கம்பி இழுப்பவரையும் உருவாக்குவது. ஏற்கனவே அறிந்த முறைகளைக் கற்றுச் சரிவரச் செய்பவர்களே அன்று வேண்டியிருந்தனர். புதிதாகக் கண்டறிபவனுக்கு அங்கே நாற்காலி போடப்படவில்லை. இதில் குறைகூற ஒன்றுமில்லை. இந்தியா முழுவதிலும் அன்றைய நிலை அதுவே. பொதுப்பணித் துறையில் உதவி எஞ்சினியர் ஆவதே பொறியியல் படித்தவனின் சொர்க்கமாகக் கருதப்பட்டது. பெங்களூரில் 1909-ல் எழுந்த இந்திய விஞ்ஞானக் கழகம் போன்ற ஓரிரு இடங்களில்தான் ஆராய்ச்சிக்கு இடமிருந்தது.

அந்த நிலையை மாற்றியது, நாம் முன்பு விட்டுவந்த காந்தக் கோடு.

காந்த நடுக்கோட்டின் மேலே, சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில், பகற் பொழுதில் ஒரு மின்னோட்டம் ஆறுபோல ஓடுகிறது. பலூன் அவ்வளவு உயரம் ஏறாது. செயற்கைக் கோளோ அவ்வளவு தாழ்வாகச் சுற்ற இயலாது. அங்கே சென்று அளந்துவர ராக்கெட்டைத் தவிர வேறு சாதனம் இல்லை. அந்த ராக்கெட்டைக் காந்தக் கோட்டின் அருகிலிருந்தே விட வேண்டும். டாக்டர் விக்ரம் சாராபாய் இதனை நன்கு உணர்ந்தவர். காஸ்மிக் கதிர்களைப் பற்றிய ஆராய்ச்சிக்கு 1947-ல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றவர் அவர். 1962-ல் விண்வெளி ஆராய்ச்சிக்கென அமைந்த தேசியக் குழுவின் தலைவராக, நகரத்துக்கு வடக்கே கடற்கரையில் உள்ள தும்பா என்னும் மீனவக் கிராமத்தைத் தேர்ந்தெடுத்தார். அங்கிருந்த மகதலேனா மரியாள் ஆலயத்தையும் அதனைச் சூழ்ந்த நிலத்தையும் விட்டுத்தர ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரெய்ரா இசைந்தார். மீனவக் குடும்பங்கள் தம் மண்ணை விட்டு வேறிடம் சென்றன. இந்திய விண்வெளி வரலாற்றை எழுதுவோர் இவ்விஷயத்தை ஒரே வாக்கியத்தில் கடந்துவிடுவர். நானும் அதையே செய்கிறேன் என்பது நெஞ்சில் உறுத்தத்தான் செய்கிறது.

1963 நவம்பர் 21 மாலை, அமெரிக்காவில் செய்த நைக்-அப்பாச்சி ராக்கெட் ஒன்று அங்கிருந்து மேலே சென்றது. சோடியம் ஆவியை வானில் விட்டு, அது பரவும் விதத்தைக் கொண்டு மேற்காற்றின் போக்கை அறிவதே நோக்கம். அந்தி வானில் படர்ந்த அந்த ஒளி மேகத்தைக் கண்ட மக்கள் என்ன நினைத்திருப்பார்களோ!

அன்று அங்கே பணிபுரிந்த இளைஞர்கள் யார், எதற்காக வந்தனர் என்பதே நமக்கு வேண்டிய விஷயம். ராமேசுவரத்தில் பிறந்து, சென்னை குரோம்பேட்டையில் உள்ள எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்த அப்துல் கலாம் அவர்களுள் ஒருவர். அதே கல்லூரியில் மின்னணுவியல் படித்த ஆராவமுதன் மற்றொருவர். டிராம்பேயில் அணுசக்தித் துறையில் நிலையான உத்தியோகத்தை விட்டுவிட்டு, பெயரே கேட்டிராத ஒரு கடற்கரைக்கு வந்தார். புதிய துறை என்பதும், சாராபாயின் பேச்சும் தவிர வேறு பிடிப்பு ஏதும் அவருக்கு இல்லை. தும்பாவில் அப்போது உணவு விடுதிகூடக் கிடையாது. நகரத்து ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலையில் பகலுணவைப் பொட்டலமாக வாங்கிக்கொண்டு பேருந்து ஏறுவார்கள். தேவாலயமே அலுவலகம், அதன் அறைகளே சோதனைச் சாலைகள். ராக்கெட்டின் பாகங்கள் சைக்கிளின் பின்புறத்தில் பயணம் செய்த புகைப்படத்தை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். கலாம் ஆராய்ச்சிப் பட்டம் எதுவும் படித்துப் பெற்றவர் அல்லர். பிற்காலத்தில் பல்கலைக்கழகங்கள் மரியாதையின் பொருட்டு அளித்த டாக்டர் பட்டங்களே அவருடையவை. 1979 ஆகஸ்டில் எஸ்.எல்.வி.-3 கடலில் விழுந்தபோதும், 1980 ஜூலை 18 அன்று அதே ராக்கெட் ரோகிணியைச் சுற்றுப்பாதையில் வைத்தபோதும் திட்டத்தின் தலைமை அவரிடமே இருந்தது. ஆகையால் ஆராய்ச்சி மனம் வேறு, ஆராய்ச்சிப் பட்டம் வேறு. ஒன்றிருந்தால் மற்றொன்று தானே வரும் என்று எண்ணிப் பிள்ளைகளை அனுப்புவோர் இதனைச் சற்று யோசிக்க வேண்டும்.

ஆனால் எல்லோரும் கலாம் வழியில் சென்றிருந்தால் தும்பா முன்னேறியிராது என்பதும் உண்மை. பிற நாட்டார் தரும் ராக்கெட்டை விடுவது ஒரு திறமை. நாமே ஒன்றைச் செய்வது முற்றிலும் வேறு வித்தை. எரிபொருள் எப்படி எரிகிறது, எரியும் அறையில் அழுத்தம் ஏன் நடுங்குகிறது என்பன பாடப் புத்தகத்தில் முழுவதும் கிடைப்பவை அல்ல. கிடைக்கும் இடங்களிலும் அவற்றை யாரும் இலவசமாகத் தருவதில்லை. எனவே சாராபாய் வெளிநாடுகளில் ஆராய்ச்சி முடித்த இந்தியர்களைத் தேடி அழைக்கலானார். பிரிட்டனில் இரசாயனப் பொறியியலில் ஆராய்ச்சி செய்து அங்கேயே பணியாற்றிய வசந்த் கோவாரிகர் 1967-ல் தும்பாவுக்கு வந்து திட எரிபொருட் பணியை மேற்கொண்டார். நாகர்கோவிலைச் சேர்ந்த முத்துநாயகம், சென்னையிலும் பெங்களூரிலும் படித்து, அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியலில் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பினார். ராக்கெட்டின் உந்துவிசைத் துறையை இந்தியாவில் வளர்த்தவர்களுள் முதன்மையாக எண்ணப்படுபவர் அவர்.

நாகர்கோவில் என்னும் பெயர் இக்கதையில் திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்திருப்பீர்கள். 1956 நவம்பர் 1 அன்று மொழிவாரியாக எல்லை வகுத்தபோது குமரி மாவட்டம் நம்மோடு சேர்ந்தது. அதற்கு முன் அது திருவிதாங்கூரின் பகுதி. எல்லைக் கோடு மாறினாலும் பேருந்து மாறவில்லை. குமரி மாவட்டத்துப் பிள்ளைக்குச் சென்னை ஒரு நாள் பயணம். திருவனந்தபுரமோ இரண்டு மணி நேரம். வீட்டுக்கு அருகே உத்தியோகம் என்ற மிகச் சாதாரணமான ஆசையும் விஞ்ஞான வரலாற்றில் ஒரு பங்கு வகித்திருக்கக்கூடும் என்றே தோன்றுகிறது.

அதே நாகர்கோவில்காரர் நம்பி நாராயணன். மதுரை தியாகராசர் பொறியியற் கல்லூரியில் படித்து, 1966-ல் தும்பாவில் சேர்ந்தார். அங்கே அனைவரும் திட எரிபொருளில் மூழ்கியிருந்த காலம் அது. எதிர்காலத்தில் கனமான செயற்கைக் கோள்களை ஏற்ற வேண்டுமானால் திரவ எரிபொருள் இயந்திரமே ஏற்றது என்னும் எண்ணம் அவரைப் பற்றிக்கொண்டது. அமெரிக்காவின் முதல்தரப் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் கிடைத்தால் விடுப்புத் தருவதாகச் சாராபாய் வாக்களித்தார் என்பதை அவரே எழுதியிருக்கிறார். 1969-ல் பிரின்ஸ்டன் சென்று, உந்துவிசை அறிஞர் லூயிஜி குரோக்கோவிடம் பயின்று, ஓராண்டுக்குள் முதுநிலைப் பட்டத்தை முடித்துத் திரும்பினார். தங்கிவிட வாய்ப்பு இருந்தது, தங்கவில்லை. 1970-களில் பிரெஞ்சு நாட்டில் வெர்னான் நகரில் நம் பொறியாளர்கள் வைக்கிங் இயந்திரத்தின் உருவாக்கத்தில் உடன் உழைத்தனர். அந்த அறிவிலிருந்து பிறந்ததே விகாஸ் இயந்திரம். பி.எஸ்.எல்.வி.யின் இரண்டாம் அடுக்கில் இன்றும் இயங்குவது அதுவே.

இத்தகைய ஒருவருக்கு நாடு என்ன கைம்மாறு செய்தது? 1994 நவம்பரில் ராக்கெட் ரகசியங்களை விற்றதாகக் குற்றம் சாட்டி அவரைக் கைது செய்தனர். 1996-ல் மத்தியப் புலனாய்வுத் துறை அக்குற்றச்சாட்டுக்கு ஆதாரமில்லை என்றது. 1998-ல் உச்ச நீதிமன்றமும் அவரை விடுவித்தது. 2018-ல் அதே நீதிமன்றம், தேவையின்றிக் கைது செய்யப்பட்டார் என்று கூறி 50 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கப் பணித்தது. அடுத்த ஆண்டு பத்மபூஷண் வந்தது. இடையே கழிந்த ஆண்டுகள் 24. ஆராய்ச்சியின் நோக்கங்களைப் பற்றிப் பேசும்போது இதனையும் மறைக்கலாகாது. கீர்த்தியை நாடி இத்துறைக்கு வருபவர் வேறு துறையைத் தேர்ந்தெடுப்பது நலம்.

பிறர் தர மறுப்பதும் ஆராய்ச்சிக்குக் காரணமாகும். ஹைட்ரஜன் வாயுவைச் சுழிக்குக் கீழே 253 டிகிரி வரை குளிர்வித்தால் திரவமாகும். ஆக்சிஜன் 183 டிகிரியில் திரவமாகும். இவ்விரண்டையும் கொண்டு இயங்குவது கிரையோஜெனிக் இயந்திரம். ஒருபுறம் பனியினும் பன்மடங்கு குளிர், மறுபுறம் இரும்பையே உருக்கும் வெப்பம். நடுவே மெல்லிய உலோகச் சுவர். இதன் தொழில்நுட்பத்தைத் தர 1991-ல் சோவியத் நாட்டுடன் ஒப்பந்தம் ஏற்பட்டது. அமெரிக்காவின் நெருக்குதலால் 1993-ல் அது சுருங்கியது. இயந்திரங்கள் சில கிடைக்கும், செய்யும் வித்தை கிடைக்காது என்றாயிற்று. விலைகொடுத்து வாங்க முடியாதென்று தெரிந்த அந்நாளில், வாங்கத் தேவையில்லாத வகையில் படித்து வைத்திருந்த சிலர் நம்மிடம் இருந்தனர்.

அவர்களுள் ஒருவர் குமரி மாவட்டம் மேலகாட்டுவிளையில் பிறந்த நாராயணன். அவர் தொடக்கத்தில் பி.இ.கூடப் படித்தவர் அல்லர். இயந்திரப் பொறியியலில் டிப்ளமா படித்து, ஏ.எம்.ஐ.இ. தேர்வில் தேறியவர். 1984-ல் விண்வெளித் துறையில் சேர்ந்தார். பணியில் இருந்தபோதே கரக்பூர் ஐ.ஐ.டி.க்குச் சென்று 1989-ல் கிரையோஜெனிக் பொறியியலில் எம்.டெக். பட்டத்தை முதலிடத்தில் பெற்றார். அதே கழகத்தில் 2001-ல் டாக்டர் பட்டமும் பெற்றார். இந்தியாவிலேயே செய்த கிரையோஜெனிக் இயந்திரம் 2010 ஏப்ரலில் முதல்முறை பறந்தபோது தோற்றது. 2014 ஜனவரி 5 அன்று வென்றது. அதனினும் பெரிய இயந்திரம் 2017 ஜூன் 5 அன்று வென்றது. அப்பெரிய இயந்திரத்தைக் கொண்ட அடுக்கின் திட்டத் தலைவராக இருந்தவர் இந்த நாராயணனே. 2025 ஜனவரியில் அவர் விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைவரானார்.

அவருக்குச் சில ஆண்டுகள் முன் அதே பதவியை வகித்த சிவன், நாகர்கோவிலுக்கு அருகே சரக்கல்விளையில் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். ஊர்ப் பள்ளியில் தமிழிலேயே படித்தவர். நாகர்கோவில் தெற்குத் திருவிதாங்கூர் இந்துக் கல்லூரியில் கணிதப் பட்டம், பின்னர் குரோம்பேட்டையில் விமானப் பொறியியல், அதன் பின் பெங்களூர் என்று படிப்படியாகச் சென்று 1982-ல் திருவனந்தபுரம் வந்தார். அவர் டாக்டர் பட்டம் பெற்றது 2006-ல், மும்பை ஐ.ஐ.டி.யில், அதாவது பணியில் சேர்ந்து 24 ஆண்டுகளுக்குப் பின். ராக்கெட் செல்லும் வழியைக் கணிப்பது அவருடைய துறை. மேலே செல்லும் ராக்கெட்டைப் பக்கவாட்டில் தாக்கும் காற்று ஒவ்வொரு நாளும் மாறுபடும். முன்பெல்லாம் சராசரிக் காற்றை உத்தேசமாகக் கொண்டு வழி வகுப்பார்கள். காற்று வேறாக இருந்தால் ஏவுதலை ஒத்திவைக்க நேரும். ஏவும் நாளன்று பலூன் விட்டு அளந்த காற்றைக் கொண்டே வழியைத் திருத்தி அமைக்கும் முறையைச் சிவன் குழுவினர் நிலைநாட்டினர். பருவம் பார்த்துக் காத்திருக்கும் அவசியம் பெரிதும் குறைந்தது. 1963-ல் சோடியம் மேகத்தைப் பார்த்து அறிய முயன்றதும் மேற்காற்றைத்தானே!

ராக்கெட்டை விட்டு இதயத்துக்கு வருவோம். பூஜப்புரையில் சாதல்மண்ட் மாளிகை என்னும் பழைய அரச மாளிகை இருக்கிறது. ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் கருவிப் பொறியியற் பிரிவு இயங்குவது அங்கேதான். 1970-களின் நடுவில் அறுவைச் சிகிச்சை நிபுணர் வலியத்தான் ஒரு கஷ்டத்தை நாள்தோறும் கண்டார். வாத சுரத்தால் இதயத்தின் கதவங்கள் கெட்ட ஏழைச் சிறுவர் சிறுமியர் வருவர். மாற்றுக் கதவம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். அதன் விலையைக் குடும்பம் தாங்காது. இங்கேயே செய்தால் என்ன என்று புவனேசுவர் முதலிய பொறியாளர்களோடு முனைந்தார்.

கதவம் என்றால் ஒரு சிறு வளையமும் அதனுள் சாய்ந்து திறந்து மூடும் ஒரு தட்டும்தான். பார்ப்பதற்கு எளிய பொருள். ஆனால் மனித இதயம் ஆண்டுக்கு ஏறத்தாழ 4 கோடி முறை துடிக்கிறது. அத்தனை முறையும் அது திறந்து மூட வேண்டும். தேயவும் கூடாது, இரத்தத்தை உறையச் செய்யவும் கூடாது. முதல் மாதிரியில் பற்றவைத்த இடம் சோதனையிலேயே முறிந்தது. இரண்டாவதில் நீலக்கல்லைப் போன்ற செயற்கைப் படிகத்தால் தட்டைச் செய்தனர். அதன் கடினம் தாங்காமல் டைட்டானிய வளையம் தேய்ந்தது. மூன்றாவதில் வளையத்துக்கு வேறு உலோகக் கலவையைக் கொண்டனர். அம்முறை ஆட்டின் உடலில் வைத்த பின் படிகத் தட்டு உடைந்தது. நான்காவதில் படிகத்தைக் கைவிட்டு, மிக அதிக மூலக்கூறு எடை கொண்ட பாலிதீன் வகைப் பிளாஸ்டிக்கால் தட்டு அமைந்தது. 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு அதனைப் பொருத்தினர். டி.டி.கே. நிறுவனம் அதனைத் தயாரிக்கலாயிற்று. இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் மார்பில் அது பொருத்தப்பட்டிருக்கிறது. இம்முயற்சியில் உழைத்தவர் யாரும் தொடக்கத்தில் பதினைந்து ஆண்டு பிடிக்கும் என்று கணக்கிட்டு இறங்கியிருக்க மாட்டார். முதல் மூன்று தோல்விகளில் எந்த ஒன்றோடும் வேலையை நிறுத்தியிருந்தாலும் அவர்களைக் குறைகூற எவரும் இருந்திருக்க மாட்டார்.

இவ்வாறெல்லாம் கூறுவதால், ஆராய்ச்சிக்குச் செல்லும் பொறியாளர் அனைவரும் இத்தகைய வேட்கையோடு செல்கின்றனர் என்று பொருளாகாது. நல்ல உத்தியோகம் கிட்டாத ஆண்டில் ஆராய்ச்சி ஒரு சத்திரமாகப் பயன்படுவதுண்டு. கல்லூரி ஆசிரியருக்குப் பதவி உயர்வு வேண்டுமானால் டாக்டர் பட்டம் அவசியம் என்னும் விதியால், எழுதிமுடித்தால் போதும் என்று எழுதப்படும் ஆய்வேடுகளும் உண்டு. அவற்றை எழுதியவரும் திரும்பப் படிப்பதில்லை. வெளிநாட்டில் குடியேற ஒரு வாயிலாக இதனைக் கொள்வோரும் பலர். இந்நோக்கங்களைப் பாவம் என்று நான் கருதவில்லை. பிழைப்பைத் தேடி மாநிலம் கடந்து வந்த நமக்கு அதைச் சொல்ல உரிமையும் இல்லை. ஆனால் நான்காம் ஆண்டில் சோதனை பொய்த்து, உடன் படித்தவர்கள் வீடு வாங்கிவிட்டார்கள் என்னும் செய்தியும் வந்து சேரும்போது, சத்திரத்தில் தங்கியவர் மூட்டை கட்டிவிடுவார். கேள்வியைப் பிடித்துக்கொண்டவர் இன்னொரு மாதிரியைச் செய்து பார்ப்பார்.

பணத்தைப் பற்றியும் இரண்டு சொல் சொல்லலாம். மத்திய அரசின் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். வீட்டுக்கு அனுப்பும்படி மிஞ்சாது; ஆனால் வீட்டிலிருந்து வாங்கும்படியும் இராது. நாராயணனும் சிவனும் செய்ததுபோல, முதலில் பணியில் சேர்ந்து, பணியிடத்தில் எழுந்த கேள்வியையே ஆராய்ச்சிப் பொருளாகக் கொள்வதும் ஒரு வழி. குடும்பப் பொறுப்பு உள்ளவருக்கு அதுவே உகந்த வழி என்பது என் எண்ணம். அவ்வழியில் பட்டம் தாமதமாக வரும். ஆனால் எதற்காக வேண்டும் என்பது தெரிந்து வரும்.

2007-ல் விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கழகம் என்னும் பல்கலைக்கழகம் திருவனந்தபுரத்தில் தொடங்கியது. பின்னர் அது நெடுமங்காட்டுக்கு அருகே மலையடிவாரத்தில் உள்ள வலியமலைக்கு இடம் மாறியது. முத்துநாயகம் முதல் இயக்குநராக இருந்து வளர்த்த திரவ உந்துவிசை மையமும் அதே வலியமலையில்தான் இருக்கிறது. அங்கே இளநிலை மாணவர்களோடு டாக்டர் பட்டத்துக்கு ஆராய்பவர்களும் பயில்கின்றனர். அக்கழகத்தின் முதல் வேந்தராக அமர்ந்தவர் அப்துல் கலாம்.